குகைப் பெண்ணுக்கு ஒரு இலை

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இன்றைக்கும் அப்படித்தான். நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபமில்லை, ஆனால் நடந்தது நடந்ததுதான்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதான் சுதந்திரம், கிடைத்த பிறகு வந்த முதல் போகி. மலாக்காவில் காஜா பெராங் என்கிற இடத்தில், தலைமுறைகளாக மலாய் பேசியே வாழ்கிற மலாக்கா செட்டிகள் வீடு ஒன்றில் ஓர் அறை எடுத்து வாடகைக்கு இருந்தோம். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். சீமைக்குக் கப்பலேறிய வெள்ளைக்கார வாத்தியார் ஒரு மண்டை ஓட்டை இவர் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தார். நிஜ ஓடு இல்லை, சுண்ணாம்பில் வார்த்த அச்சு. ஐரோப்பாவில் ஏதோ குகையில் கிடைத்த பெண்ணாம், பல்லாயிரம் வருஷத்துக்கு முந்தியவளாம், ஆனாலும் நம்மை மாதிரியே மனுஷிதானாம். எங்கள் அறையில் இடமில்லாமல் கூடத்து அலமாரி மேல் உட்கார்ந்திருந்தாள்.

போகியன்று செட்டிகள் கூடத்தில் இலை போட்டு, செத்துப்போனவர்களுக்குச் சோறு படைப்பார்கள். வீட்டுக்கார அம்மா, பெரியம்மா என்கிற மாதிரி பீபிக் என்றுதான் கூப்பிடுவோம், அலமாரியைப் பார்த்தபடி மலாயில் கேட்டார்.

"காசியான். பாவம், இவளுக்கு இத்தனை காலமா யாரும் சோறு போடலையா?"

"அது வெறும் சுண்ணாம்பு, பீபிக்," என்றார் இவர்.

"இருக்கட்டும் வாத்தியாரே. நம்ம வீட்டுலதானே இருக்கா."

அவளைக் கீழே இறக்கி வைத்து, முன்னால் ஒரு இலையும் போட்டுவிட்டார். முந்தின வருஷம் எங்கள் பெண் குழந்தை, சோறு ஊட்டுகிற நாள் வருமுன்னே போய்விட்டாள். அத்தனை சின்னதுக்குப் படையல் கிடையாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். சுண்ணாம்புக்கு உண்டு, என் பிள்ளைக்கு இல்லையா? யாரும் பார்க்காதபோது இலைத் துண்டு ஒன்று கிழித்து, ஆறின பால் ஒரு கிண்ணத்தில் ஊற்றி, கதவோரம் வைத்தேன்.

செத்தவர்கள் சாப்பிடும்போது பார்க்கக் கூடாது என்பதால் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வாசலில் நின்றோம். பட்டப்பகல். உள்ளே ஈ காக்கை கிடையாது.

திறந்தால், மற்ற இலைகள் வைத்தது வைத்தபடி இருந்தன. என் இலைத் துண்டு மட்டும் கதவோரம் இல்லை, குகைக்காரியின் இலையை ஒட்டிக் கிடந்தது. குகைக்காரியின் இலையில் ஒரு பிடி சோறு குறைந்திருந்தது. கிண்ணத்தில் பாலோடு பிசைந்த சோறு, ஒரு குழந்தை வாய்க்கு ஆகிற அளவு.

"பூனையா இருக்கும்," என்றார் இவர். பூனை பாலைக் குடிக்கும், சோறு பிசையுமா?

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பயத்தில் இல்லை. என் பிள்ளை தனியாக இல்லை என்று முதல்முறையாகத் தோன்றியது. அந்தச் சோற்றைத் தொட்டுப் பார்த்தேன், பீபிக்கும் தொட்டுப் பார்த்தார். யாரோ இப்போதுதான் கையை எடுத்த மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது.