பிரமிட்டுக்கு வெளியே

விடுமுறையிலும் ஒரு மனிதன் இவ்வளவு களைத்துப் போகலாம் என்பதை நான் மெக்சிகோவில்தான் அறிந்தேன்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளே, நான் ஒஸ்லோவில் பேருந்து ஓட்டுகிறவன். உங்களில் சிலர் ட்வெய்ட்டா நிறுத்தத்தில் ஏறி, கைப்பேசியைப் பார்த்தபடியே பின்னுக்குப் போய் இருப்பீர்கள். முன்னுக்கு இருக்கும் அந்த ஓட்டுநர் நான்தான். பள்ளி மலருக்கு ஒரு பயணக் கட்டுரை எழுதித் தாருங்கள் என்று உங்கள் ஆசிரியை கேட்டார். நான் அதிகம் படித்தவன் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதத்தான் எனக்கு வரும்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் பால் பெட்டிகள். என் மனைவி குரோருட்டில் பார்னஹாகே என்கிற ஒரு பாலர் பள்ளியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் வேலை செய்கிறாள். ஒரு பனிக்காலம் அங்கே மாயா மக்களைப் பற்றிச் சொல்லிக் கொடுத்து, வெறும் பால் பெட்டிகளை அடுக்கி ஒரு பிரமிட் செய்தார்களாம். ஒட்டுகிற வேலை முழுவதும் இவளுடையது. விரலில் பசை காயாமல் வீட்டுக்கு வருவாள். பிள்ளைகள் இவளிடம், இது உண்மையிலேயே இருக்கிறதா, நீ பார்த்திருக்கிறாயா என்று கேட்டிருக்கிறார்கள். "போய்ப் பாத்திட்டு, அதுக்கு முன்னாலை நிண்டு படம் எடுத்துக்கொண்டு வந்து காட்டுறன்" என்று சொல்லிவிட்டாள். சின்னப் பிள்ளைகளுக்குச் சொன்ன சொல்லை அவள் விளையாட்டாக எடுப்பவள் இல்லை. அதன் பிறகு எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடிக்கும்போதும் பிரமிட், உடுப்பு மடிக்கும்போதும் பிரமிட்.

மகள் வேலைக்குப் போகத் தொடங்கியதும், நோர்வேக்காரர் போவதுபோல வழிகாட்டியோடு போகிற ஒரு கூட்டுப் பயணத்தில் எங்களையும் சேர்த்துவிட்டாள். தானும் வந்தாள். "நான் வராட்டில் நீங்கள் ரெண்டு பேரும் ஹோட்டல் அறைக்குள்ளை இருந்து ஊர்க் கதை கதைச்சுப்போட்டு வந்திடுவியள்" என்றாள்.

அங்கே வெக்கை எங்களுக்கு முதலே போய் இருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. கூட்டத்தில் பெரும்பாலும் ஓய்வு பெற்ற நோர்வேக்காரர். எங்களைவிட வயது கூட, ஆனால் எங்களைவிட வேகமாக நடந்தார்கள். வழிகாட்டியும் ஒரு நோர்வேப் பெண். கையில் சின்ன மஞ்சள் கொடி. அந்தக் கொடி போகும் இடமெல்லாம் நாங்கள் போக வேண்டும். விடிய எழும்பு, பேருந்தில் ஏறு, இறங்கு, கொடிக்குப் பின்னால் நட, திரும்ப ஏறு. இன்னொருவர் ஓட்டும் பேருந்தில் இருந்து எனக்குப் பழக்கமும் இல்லை. வளைவு வரும்போதெல்லாம் என் வலது கால் தானாகக் கீழே மிதித்தது.

"பிறேக்கிலை இருந்து காலை எடுங்கோப்பா. அந்த மனுசன் ஓட்டட்டும்" என்றாள் மனைவி.

மாயா மக்கள் என்றால் அழிந்து போனவர்கள் என்று நினைக்காதீர்கள். அவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். எங்கள் ஹோட்டலில் அறை துப்புரவாக்க வந்த பெண்ணும் மாயாப் பெண்தான். அவர்களின் முன்னோர் காட்டுக்குள் கல்லால் நகரங்கள் கட்டினார்கள். வானத்தைப் பார்த்து நாள் கணித்தார்கள். அந்த நகரங்கள் பல இடிந்து, மரம் முளைத்து, இப்போது உலகமே வந்து பார்க்கிறது.

முதலில் ஒரு சின்ன இடத்துக்குக் கொண்டுபோனார்கள். வழிகாட்டி கொடியை உயர்த்தி, "இது ஒரு தெம்பெல்" என்றாள். நோர்வேஜிய மொழியில் கோயில். நான் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து குடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், மனைவி சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கல்லில் கால் வைத்துவிட்டாள். நடு மத்தியானம். தோசைக்கல்லில் கால் வைத்த மாதிரித் துள்ளினாள். சப்பாத்து கடிக்கிறதா என்று வழிகாட்டி ஓடி வந்து கேட்டாள், பிளாஸ்டரும் எடுத்து நீட்டினாள்.

மகள் தலையைக் குனிந்துகொண்டு, "அம்மா, ப்ளீஸ். எல்லாரும் பாக்கினம்" என்றாள்.

"பாக்கட்டும். கோயிலுக்குள்ளை சப்பாத்தோடை போனால்தான் எனக்கு வெக்கம்."

அன்று முழுவதும் நொண்டி நொண்டி நடந்தாலும் முகத்தில் ஒரு சந்தோசம் இருந்தது. பெரிய பிரமிட் அடுத்த நாள்.

அடுத்த நாள் காலைச் சாப்பாட்டு மேசையில்தான் செய்தி வந்தது. லண்டனில் என் பெரியப்பாவின் மகன், நான் அண்ணா என்று கூப்பிடுகிறவர், இரவு நெஞ்சு வலி வந்து இறந்துவிட்டார். குடும்ப வாட்ஸ்அப்பில் யாரோ அவருடைய படத்தைப் போட்டு, கீழே இரண்டு வரி எழுதியிருந்தார்கள். நான் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். பெரிய நெருக்கம் என்று சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பார். எடுத்ததும் "ஒஸ்லோவிலை எத்தினை டிகிரி?" என்று கேட்பார். சொன்னால், "அம்மாடி, என்னெண்டு இருக்கிறியள்" என்பார். அதற்குப் பிறகு முழங்கால் வலி, பிறகு மகளோடு இரண்டு கதை, அவ்வளவுதான். மகள் அவருக்கு டிகிரிப் பெரியப்பா என்றே பெயர் வைத்திருந்தாள். அழுகை வரவில்லை. களைப்புத்தான் வந்தது. கதிரையை விட்டு எழும்ப முடியாத களைப்பு.

மனைவி தன் தட்டில் இருந்த முட்டையை ஓரமாகத் தள்ளிவைத்தாள். பிறகு மெல்ல, "துடக்கு" என்றாள்.

பிள்ளைகளே, உங்களில் சிலருக்கு இது தெரியாது. ஒரு வீட்டில் சாவு நடந்தால் அந்தக் குடும்பத்து ஆண்வழிச் சொந்தக்காரர் எல்லாருக்கும் முப்பத்தொரு நாள் துடக்கு. செய்தி கேட்டதும் தலையில் தண்ணீர் வார்த்துத் தோய வேண்டும். மீன், இறைச்சி, முட்டை என்று மச்சம் ஒன்றும் சாப்பிடுவதில்லை. கோயிலுக்குள் போவதில்லை. இது சரியா பிழையா என்று நான் இங்கே சொல்ல வரவில்லை. எங்கள் வீட்டில் அப்படித்தான். அண்ணா என் பக்கத்துச் சொந்தம். ஆகவே எனக்கும் துடக்கு, மனைவிக்கும் துடக்கு, மகளுக்கும் துடக்கு.

தோய நேரம் இருக்கவில்லை. வெளியே பேருந்து ஹோர்ன் அடித்தது.

பிரமிட் இருந்த இடத்தின் வாசலில், டிக்கெட் பார்க்கிறவர்களுக்கு முன்னால், மனைவி நின்றுவிட்டாள். கொடி முன்னே போய்க்கொண்டிருந்தது.

"நான் வரேல்லை. நீங்கள் போங்கோ."

மகளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் சிவந்தது. "அம்மா, இது இப்ப கோயில் இல்லை. ரூயின். ஒருத்தரும் இஞ்சை கும்பிடுறேல்லை."

"கும்பிடாட்டில் கோயில் இல்லையெண்டு ஆர் சொன்னது? எங்கடை ஊரிலை குண்டு விழுந்த கோயிலும் கோயில்தானே."

"அந்தச் சாமிக்கு உங்களைத் தெரியவே தெரியாது."

"எனக்குத் தெரியுமே, நான் துடக்கெண்டு."

"எத்தினை வருசமா இதைப் பாக்கோணும் எண்டு சொல்லிக்கொண்டு இருந்தனீங்கள். இனி எப்ப வரப் போறியள்? பார்னஹாகேப் பிள்ளையளுக்கு என்ன சொல்லுவியள்? அப்பா, நீங்களாவது சொல்லுங்கோ."

மனைவி சொல்வதும் எனக்கு விளங்கியது, மகள் சொல்வதும் விளங்கியது. இரண்டையும் சேர்த்துப் பிடிக்கத் தெம்பு இல்லை. "நான் அம்மாவோடை இருக்கிறன், பிள்ளை" என்றேன்.

"அப்ப நான் போறன்."

"போ. நான் மறிக்கேல்லை" என்றாள் மனைவி. "உனக்கும் துடக்குத்தான். அது உனக்குத் தெரியும்."

மகள் திரும்பிப் பார்க்காமல் கூட்டத்தோடு போய்விட்டாள். நாங்கள் ஒரு மரத்துக்குக் கீழே கல்லுக்கட்டில் இருந்தோம். பக்கத்தில் ஒருவன் மரத்தில் செதுக்கிய புலித்தலை விற்றான். அதை ஊதினால் புலி உறுமுகிறது. அவன் ஊதும்போதெல்லாம் மனைவி திடுக்கிட்டாள். பிறகு திடுக்கிடவும் களைத்துப்போய்ச் சும்மா இருந்தாள். மரங்களுக்கு மேலால் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே சனங்கள் கை தட்டும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு தட்டலுக்கும் பிறகு, ஒரு பறவை கத்துவதுபோல ஒரு சத்தம் திரும்பி வந்தது. அந்தப் படிகளுக்கு முன்னால் நின்று தட்டினால் அப்படித்தான் எதிரொலிக்கும் என்று பேருந்தில் வழிகாட்டி சொல்லியிருந்தாள்.

"கேக்குதே?" என்றாள் மனைவி.

"ஓம்."

"நல்லாத்தான் கட்டியிருக்கினம்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டாள். பார்க்க அங்கே ஒன்றும் இல்லை, வாகனத் தரிப்பிடம் மட்டும்தான்.

மகள் மற்றவர்களுக்கு முன்னமே திரும்பி வந்துவிட்டாள். கையில் பாதி குடித்த இளநீர்.

"கெதியா வந்திட்டாய்" என்றாள் தாய்.

"சரியான வெக்கை."

"எப்பிடி இருந்தது?"

"ஆக்கள் கை தட்டினவை. திருப்பிக் கேட்டது."

"படம் எடுத்தனியே?"

"ம்."

"இப்ப காட்டாதை. முப்பத்தொண்டு முடியட்டும்."

மத்தியானத்துக்குப் பிறகு எங்களை ஒரு கிணறு மாதிரியான இடத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்த நாட்டில் நிலம் சுண்ணாம்புக்கல். யாழ்ப்பாணத்து நிலமும் அப்படித்தான். கல்லுக்குக் கீழே தண்ணீர் ஓடி ஓடி, மேலே இருக்கும் கல் உடைந்து விழுந்து, பெரிய வட்டக் குழியாகும். கீழே நீலத் தண்ணீர். மேலே இருந்து மரத்தின் வேர்கள் கயிறு மாதிரித் தொங்கின. ஒஸ்லோவில் நீச்சல் குளத்தின் விளிம்புக்குக்கூட வராத என் மனைவி, குனிந்து பார்த்துவிட்டு, "இஞ்சை தோயலாம்" என்றாள்.

அங்கே ஒரு சட்டம். இறங்குவதற்கு முதல் ஷவரில் உடம்பு கழுவ வேண்டும். கிறீம் பூசிய உடம்போடு தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள்.

"குளிச்சுப்போட்டுத்தான் குளிக்கோணுமாம்" என்று மனைவி எனக்குச் சொன்னாள். அன்றைக்கு அவள் சிரித்தது அப்போதுதான்.

இன்னொரு சட்டமும் இருந்தது. நீந்தத் தெரியாதவர் மிதக்கும் அங்கி போட வேண்டும். செம்மஞ்சள் அங்கியைப் போட்டு, சல்வாரோடு, படியில் ஒவ்வொரு காலாக இறங்கினாள். நான் பின்னால். தண்ணீர் குளிர்ந்து கிடந்தது. நல்ல தண்ணீர். ஆனால் தோய்வதென்றால் தலை தாழ வேண்டும். அந்த அங்கி தாழ விடவில்லை. அவள் மூச்சைப் பிடித்து, மூக்கைப் பொத்தி, முழங்காலை மடிக்கிறாள். அங்கி தூக்கி எறிகிறது. திரும்பவும் மடிக்கிறாள். திரும்பவும் தக்கை மாதிரி மேலே வருகிறாள். எனக்கும் அதே கதிதான். இரண்டு பேரும் நடுத் தண்ணீரில் எழும்பி எழும்பி விழுவதைப் பார்த்து வழிகாட்டி மேலே இருந்து கத்தினாள். ஒரு கிழவர் கயிற்றைத் தூக்கிப் போட்டார்.

மகள் படியில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். காலையில் இருந்து எங்களோடு சரியாகக் கதைக்கவில்லை. இப்போது எழுந்து, வழிகாட்டியிடம் நோர்வேஜிய மொழியில் ஏதோ சொன்னாள். வழிகாட்டி கொடியைக் கீழே வைத்தாள். மகள் இறங்கி நீந்தி வந்தாள். அவளுக்கு நீச்சல் நல்லாய் வரும், பள்ளியில் பழகியது. இளநீர் குடித்த கோம்பையைக் கையில் கொண்டு வந்திருந்தாள்.

"தலையைக் குனியுங்கோ."

தாயின் தலையில் மூன்று தரம் வார்த்தாள். பிறகு என் தலையில். நான் கண்ணை மூடியிருந்தேன். திறந்தபோது அவள் தன் தலையிலும் வார்த்துக்கொண்டிருந்தாள். படியேறி வந்ததும் அந்தக் கிழவர் எங்கள் மூவருக்கும் துவாய் நீட்டினார்.

மிச்ச நாட்களும் கொடிக்குப் பின்னால்தான் போனோம். அருவி ஒன்று பார்த்தோம், கடல் பார்த்தோம். இடிந்த கோயில் வரும் இடங்களில் பேருந்திலேயே இருந்தோம். மகள் இறங்குவாள். எங்கே போகிறாள் என்று நாங்கள் கேட்கவில்லை. சாப்பாட்டுக்குச் சோள ரொட்டியும் கறுத்த அவரைக்கொட்டையும். வீட்டுக்கு வந்தும் களைப்பு இறங்கவில்லை. பனி பெய்யத் தொடங்கியிருந்தது. விடியற்காலை வேலைக்குப் போனேன், வந்தேன், படுத்தேன்.

லண்டனில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தது. நாங்களும் தோய்ந்து, வீடு கழுவி, சைவச் சாப்பாடு சமைத்துப் படைத்தோம். சாப்பிட்டுக் கை கழுவியதும் மனைவி கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, சமையலறை மேசையில் வந்து இருந்தாள்.

"இனிக் காட்டு."

"என்னத்தை?"

"பிரமிட்டை."

மகள் கைப்பேசியை எடுக்கவில்லை. "இல்லை அம்மா. நான் உள்ளுக்குப் போகேல்லை."

தாய் கண்ணாடிக்கு மேலால் பார்த்தாள். "அப்ப எங்கை நிண்டனி?"

"டிக்கெட் பாக்கிற இடத்துக்கு ஒரு பக்கமா, நீங்கள் இருந்த இடத்துக்குத் தெரியாமல் ஒரு கடை. இளநீர் வாங்கிக்கொண்டு அதிலை இருந்தனான்."

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. கை தட்டும் சத்தத்தைத் தவிர அவள் எங்களுக்கு வேறொன்றும் சொல்லவில்லை. அது எங்களுக்கும் கேட்டதுதான்.

"மற்றக் கோயிலுகளிலை?"

"அங்கையும் வெளியிலைதான்."

"ஏன் பிள்ளை சொல்லேல்லை?"

"சொன்னால் நீங்கள் வெண்ட மாதிரி."

மகள் மேசையில் இருந்த உப்புக் குப்பியைத் திருப்பித் திருப்பி வைத்தாள்.

"சாகிறதுக்கு முதல் நாள் பெரியப்பா மெசேஜ் போட்டவர். அங்கை எத்தினை டிகிரி எண்டு. நான் பிறகு போடுவம் எண்டு விட்டிட்டன். அந்தக் கடையிலை இருந்து பதில் போட்டனான்."

"என்னெண்டு?"

"முப்பத்தாறு எண்டு."

தாய் எழும்பிப் போய்த் தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போட்டாள். தண்ணீர் கொதிக்கத் தொடங்கியபோது, "அப்ப எங்களிலை ஒருத்தரும் பாக்கேல்லை" என்றாள்.

"ஒருத்தரும் இல்லை" என்றேன்.

"பார்னஹாகேப் பிள்ளையளுக்கு என்ன சொல்லப் போறியள்?" என்று மகள் கேட்டாள்.

"வாசல் மட்டும் போனனான் எண்டு சொல்லுவன். கை தட்டினால் குருவி கத்தும் எண்டு சொல்லுவன். பால் பெட்டிக்கு முன்னாலை நிண்டு தட்டிப் பாக்கட்டும்."

மூன்று கோப்பைத் தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டு வந்து இருந்தாள். எனக்கு மறுநாள் முதல் பேருந்து. குடித்துவிட்டு நான் படுக்கப் போய்விட்டேன். அவர்கள் இரண்டு பேரும் இன்னும் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே பிள்ளைகளே, அந்தப் பிரமிட் எப்படி இருக்கும் என்று என்னால் உங்களுக்கு எழுத முடியவில்லை. உங்களில் யாராவது போய்ப் பார்த்தால், என் பேருந்தில் ஏறும்போது சொல்லுங்கள். ஓட்டும்போது கதைக்கக் கூடாது. சிவப்பு விளக்கில் கேட்கிறேன்.