கீழிருந்து ஒரு தட்டு

இது நடந்தது. எனக்குச் சொன்னவர் கரார். அந்த மனிதரை எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது, அதனால்தான் நம்புகிறேன். தன்னைப் பற்றி ஒரு குறை சொல்லத் தெரியாதவர், தான் முட்டாளான கதையை வேலை மெனக்கெட்டுப் பொய்யாகக் கட்டிக்கொண்டு என்னிடம் வருவாரா? நான் காதில் பூ சுற்றுகிறேன் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

கரார் என்பது வேலையாட்கள் வைத்த பட்டப்பெயர். கடலோரத் தெரு ஒன்றை வெள்ளம் தாங்கும்படி மாற்றும் வேலைக்கு அவர்தான் மேற்பார்வை. தெருவை இடுப்பு உயரம் தூக்க வேண்டும். மின்பெட்டிகளைக் கம்பத்தின் மேலே ஏற்ற வேண்டும். மழைநீர்க் குழாயின் கடல் முனையில் ஓர் இரும்புக் கதவு. மழைத் தண்ணீரை வெளியே விடும், கடல் ஏறினால் தானே மூடிக்கொள்ளும். நல்ல வேலைதான். ஆனால் செய்தவருக்கு அந்தத் தெருவில் ஒருவரையும் மனிதராக மதிக்கத் தெரியாது. "வாசல் பள்ளத்துல போயிடுச்சே சார்" என்று கேட்ட வீட்டுக்காரரிடம், "ஒரு ஏணி வாங்கிப் போட்டுக்கங்க" என்றவர்.

வீட்டிலும் அதே கதைதான். மனைவி, வேலையில்லாமல் திரிந்த தன் தம்பியைக் கெஞ்சிக் கூத்தாடி இந்த வேலையில் சேர்த்துவிட்டிருந்தாள். கரார் கண்ணுக்கு அவன் உப்புக்குச் சப்பாணி. அன்று காலைகூட அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே அவள் சொன்னாள்: "அவனைக் குழிக்குள்ள மட்டும் இறக்காதீங்க. எனக்குன்னு இருக்கிறது அவன் ஒருத்தன்தான்."

"குழிக்குள்ள இறங்கவும் ஒரு தகுதி வேணும்" என்றபடி இவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

பிற்பகலில் வானம் கறுத்துவிட்டது. கடல் முனைக் கதவில் ஒரு மரக்கட்டை சிக்கி, கதவு மூடாமல் நின்றது. நான்கு மணிக்கு மேல் கடல் ஏறும். கதவு மூடாவிட்டால் அத்தனை தண்ணீரும் குழாய் வழியே தெருவுக்குள் வரும். யாராவது மேன்ஹோலில் இறங்கி, குழாய்க்குள் தவழ்ந்து போய், கட்டையில் ஒரு கயிற்றைக் கட்டிவிட்டு வர வேண்டும். மேலிருந்து மிஷின் இழுத்துக்கொள்ளும்.

பம்பு இரைச்சலில் உள்ளே இருப்பவர் குரல் கேட்காது. அதனால் தட்டிப் பேசிக்கொள்வார்கள். மேலே இருப்பவர் ஸ்பேனரால் இரும்புப் படியில் ஒரு தட்டு தட்டினால், எப்படி இருக்கிறாய் என்று அர்த்தம். கீழே இருப்பவர் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால், நன்றாக இருக்கிறேன். மூன்று தட்டினால், என்னை மேலே இழு.

இன்னொரு பழக்கமும் உண்டு. யாரும் இறங்குவதற்கு முன், காலிக் குழிக்குள் ஒரு தட்டு தட்டிக் காத்திருப்பார்கள். பதில் வராவிட்டால்தான் இறங்குவார்கள். அந்தக் குழாயில் முன்பு ஒருவர் இறங்கி, கடல் ஏறி, இறந்து போயிருந்தார்.

கரார் இளக்காரமாகச் சிரித்துக்கொண்டு தானே ஸ்பேனரை எடுத்தார். "உள்ள யாராச்சும் குடியிருக்காங்களான்னு பார்த்துடுவோம்."

டங்.

எல்லோரும் காத்திருந்தார்கள்.

...டங்.

பம்பு ஓட்டுபவர் இரண்டு எட்டு பின்னால் போனார். "இன்னிக்கு வேணாம் சார்."

"எதிரொலிய்யா அது. பைப்புன்னா சத்தம் திரும்பத்தான் வரும். பள்ளிக்கூடம் பக்கம் போயிருந்தா தெரியும்."

எதிரொலி உடனே வரும். இது யோசித்துவிட்டு வந்தது. அது அவருக்கும் தெரிந்திருந்தது, ஆனால் அத்தனை பேர் முன்னால் எப்படி ஒப்புக்கொள்வது?

ஒருவரும் நகரவில்லை. "பயந்தாங்கொள்ளிப் பசங்களா. என் வீட்டு ஆளையே இறக்கறேன், பாருங்க."

மச்சினன் அவரை நிமிர்ந்து பார்த்தான். "அத்தான்... அக்கா..."

"அக்காகிட்ட நான் பேசிக்கறேன். இறங்கு."

இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினான். கயிறு மெல்ல உள்ளே போனது.

சிறிது நேரம் கழித்துத் தட்டினார். டங். பதில் வந்தது. டங். நன்றாக இருக்கிறான். "பார்த்தீங்களா?" என்பது போல மற்றவர்களை ஒரு பார்வை பார்த்தார்.

தூறல் விழ ஆரம்பித்தது. கடலின் சத்தம் கனத்தது. மறுபடி தட்டினார். பதில் வந்தது.

ஆனால் கயிறு நகரவில்லை. "உள்ள போயும் தூங்கறான் போலிருக்கு, சோம்பேறி" என்று முணுமுணுத்தார்.

தட்டினார். பதில் இந்த முறை சட்டென்று வந்தது.

அடியில் தண்ணீர் ஒரு படி ஏறியிருந்தது.

மறுபடி ஸ்பேனரை ஓங்கினார். அது இரும்பில் படவில்லை. அதற்குள்...

டங்.

கரார் பின்னால் நகர்ந்தார். ஜல்லிக் குவியலில் காலில் ஏதோ இடறியது. குனிந்து பார்த்தார்.

சுத்தியல்.

"மடையன், சுத்தியலைக்கூட எடுத்துட்டுப் போகாம..." வசவு பாதியில் நின்றது.

மச்சினன் கையில் இரும்பே இல்லை.

டங்.

அப்படியானால்...

டங்.

"இழுங்க" என்றார். கயிற்றின் மேல் பாய்ந்தார். "இழுங்கய்யா..."

நான்கு பேர் பிடித்து இழுத்தார்கள். கயிறு வளைவில் சிக்கியிருந்தது. பிறகு விட்டது.

மச்சினன் மேலே வந்தான். உப்புத்தண்ணீராக வாந்தி எடுத்தான். உயிர் இருந்தது. இரண்டு கை விரல் முட்டிகளிலும் தோல் உரிந்திருந்தது.

"மூணு மூணா தட்டினேன் அத்தான்... கையால..."

"கேக்கலடா."

"கேக்காதுன்னுதான் அவரும் சொன்னார்."

"யாரு?"

"பக்கத்துல இருந்தவர். 'நீ எதுக்குக் கை வலிக்கத் தட்டறே, நான் பதில் சொல்லிக்கறேன்'னார். 'மேல நிக்கிறவனுக்கு ஒரு தட்டு போதும். திருப்தியா நின்னுக்கிட்டிருப்பான்'னார்." மச்சினனுக்குப் பல் கிட்டியது. "சொல்லிட்டுச் சிரிச்சார், அத்தான்."

அன்று கடல் தெருவுக்குள் வந்தது. மறுநாள் படகில் போய் வெளிப்பக்கமாகக் கட்டையை எடுத்தார்கள். இப்போது கதவு ஒழுங்காக மூடுகிறது, தெரு காய்ந்து கிடக்கிறது. மச்சினன் அந்த வாரமே வேறு ஊருக்குப் போய்விட்டான். கராரின் மனைவி அவருக்குத் தட்டில் சோறு வைக்கிறாள். ஒரு வார்த்தை பேசுவதில்லை.

வெகுநாள் கழித்துத்தான் கரார் பம்பு ஓட்டுபவரிடம் கேட்டாராம். "அந்தச் செத்துப்போன ஆளு... அவரும் ஒரு தட்டுத்தான் தட்டுவாரா?"

"அவரு எங்க சார் தட்டினாரு? அப்பல்லாம் இந்தப் பழக்கமே கிடையாது. அவர் போனதுக்கு அப்புறம்தான் கொண்டு வந்தாங்க."

ஒரு தட்டு என்றால் நன்றாக இருக்கிறேன் என்று அந்தச் செத்தவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கீழே கிடந்து, மேலே தட்டுவதையும் கீழே தட்டுவதையும் கேட்டுக் கேட்டுத் தானே கற்றுக்கொண்டிருக்கிறார்.

அப்படியானால், மூன்று தட்டினால் இழுப்பார்கள் என்பதும் அவருக்குத் தெரியும்.