நாலு துளை, நாலு டேப்

திருத்தணி ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கும்போதுதான் அந்தச் சந்தேகம் வந்தது. நாலாவது டேப்பை எடுத்தேனா?

தொண்ணூறுகளின் கடைசி. சென்னை விமான நிலையத்தில் மெக்கானிக்காக இருந்தேன். விமானத்தைக் கழுவும்முன் அதன் பக்கவாட்டில் இருக்கும் நாலு சின்னத் துளைகளைச் சிவப்பு டேப்பால் மூடுவோம். அவற்றில் படும் காற்றழுத்தத்தை வைத்துத்தான் உயரமும் வேகமும் பைலட்டுக்குத் தெரியும். வெளிநாட்டில் ஒரு விமானத்தில் அந்த டேப்பை எடுக்க மறந்தார்கள். விமானம் கடலில் விழுந்தது; ஒருவரும் பிழைக்கவில்லை. எங்கள் இன்ஸ்பெக்டர் வரதன் சார் இதைச் சொல்லாமல் டேப்பைக் கையில் தரமாட்டார்.

அன்று மத்தியானம் மூன்று டேப்பை எடுத்தது நினைவிருந்தது. நாலாவதின்போது மழை தூறியது, யாரோ கூப்பிட்டார்கள். அதற்குமேல் ஞாபகம் இல்லை. எல்லாம் எடுத்தாச்சு என்று கையெழுத்து மட்டும் போட்டிருந்தேன். விமானம் ஆறரைக்கு. மணி ஆறு.

ஆடிக் கிருத்திகைக் கூட்டம். ஸ்டேஷன் எதிரே இருந்த பாஷா பாயின் எஸ்.டி.டி. பூத்தில் பத்துப் பேர் வரிசை. "பாய், பிளேன் கெளம்பப் போவுது, அவசரம்!" என்று கத்தினேன். காவடியோடு நின்றவர், "நீ முதல்ல பேசுப்பா" என்று வழிவிட்டார்.

"சார், ரவி பேசுறேன். நாலாவது டேப்பை எடுத்தேனான்னு சந்தேகமா இருக்கு."

"லைன்லயே இரு" என்றார் வரதன் சார்.

என் வாழ்க்கையிலேயே நீளமான பத்து நிமிடம்.

"நாலு துளையும் கிளியர். ஆனா எடுத்த டேப்பைப் போடுற பையில மூணுதான் இருக்கு. இன்னொண்ணு எங்கய்யா? இன்ஜின்ல போயிருந்தா? பிளேனை நிறுத்தி வெச்சிருக்கேன், தேடுறாங்க."

அப்போது பாஷா பாய் என் பின்பக்கத்தைப் பார்த்து, "இன்னாண்ணே, பேண்ட்ல செவப்பா இன்னாவோ ஒட்டிகினு கீது?" என்றார்.

ஏணியில் நின்றபடி டேப்பை உரித்து, பேண்ட்டில் ஒட்டியிருக்கிறேன். அதோடு மூன்று மணி நேரம் ரயிலில் வந்திருக்கிறேன்.

"சார், கெடச்சிடுச்சு."

"எங்க?"

"என் பின்னாடி, சார்."

வரதன் சார் அதை அங்கே இருந்தவர்களுக்குச் சத்தமாகச் சொன்னார். ஹேங்கரே சிரிப்பது போனில் கேட்டது. காவடிக்காரரும் சிரித்தார். விமானம் நாற்பது நிமிடம் தாமதமாகப் பறந்தது.

வேலை போய்விடும் என்று பயந்துகொண்டேதான் மறுநாள் போனேன். வரதன் சார் எல்லோரையும் கூட்டி, "நடந்ததை நீயே சொல்லு" என்றார். சொன்னேன். வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் சுவரில் ஒரு பலகையை மாட்டினார். எடுத்த டேப்பை அதில் ஒட்ட வேண்டும்; இன்னொருவர் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். "போன் பண்ணதுக்கு இவனுக்கு மெமோ கெடையாது. பண்ணாம இருந்திருந்தாதான் கெடச்சிருக்கும்" என்றார்.

இரண்டு வாரம் கழித்து, என்னை அதிகமாகக் கிண்டல் செய்த சீனியர் மெக்கானிக் செல்வம், சோற்றுக் கையோடு கேன்டீனிலிருந்து ஓடிவந்தார். "சார், பிளேனை விடாதீங்க! என் டார்ச்சைக் காணோம்!"

டார்ச், விமானத்தின் சக்கரம் மடங்கும் அறைக்குள் கிடந்தது. அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. தப்பு செய்யாத மெக்கானிக்கை நான் பார்த்ததில்லை. அதை உடனே சொல்கிற மெக்கானிக் இருந்தால், விமானத்தில் ஏறும் யாரும் பயப்பட வேண்டியதில்லை.