பத்து பாட்டில், ஒரே குழாய்

மாநகராட்சி தண்ணீர் சோதனைக்கூடத்தில் மாதிரி எடுப்பவருக்கு 'சாம்பிள்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. இருபத்திரண்டு வருட சேவையில் அவர் ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை. அவருடைய பகுதியில் பத்து ஆழ்துளைக் கிணறுகள். மாதந்தோறும் ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டில் எடுக்க வேண்டும். பத்து வீட்டு கேட்டைத் தட்டி, மோட்டார் போடச் சொல்லி, ஐந்து நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, நாய்க்கும் பதில் சொல்லும் அவதி, விதி எழுதிய புண்ணியவானுக்கு எங்கே தெரியும்? அந்தப் பத்தில் சேராத பூங்காக் கிணற்றிலோ குழாய் இடுப்பளவில் இருந்தது. நிழல் உண்டு, நாய் இல்லை. ஆகவே பத்து பாட்டிலையும் அங்கேயே நிரப்பி, பத்து முகவரிகளை ஒட்டிவிடுவார். லேபிள் கோணலாக இருந்தால் மட்டும் அவருக்குப் பொறுக்காது. அவ்வளவு நேர்மை.

"உங்க ஏரியா மாதிரி ஒழுக்கமான தண்ணியை நான் பாத்ததே இல்லண்ணே" என்று சோதனை செய்யும் மேடம் மெச்சுவார்.

போன வாரம் அக்கா போன் செய்தாள். அவள் வீட்டுக் கிணறும் அந்தப் பத்தில் ஒன்று.

"டேய், பேரனுக்கு தாய்ப்பால் பத்தல. நம்ம போர் தண்ணியை அரை மணி நேரம் கொதிக்க வச்சுத்தான் பால் பவுடர் கரைக்கறேன். நீ பாத்த தண்ணி, எனக்கென்ன பயம்?"

சாம்பிளுக்குச் சட்டென்று நினைவு வந்தது: அக்கா வீட்டுக் கிணற்றுக்குப் பத்தடியில்தான் கழிவுத் தொட்டி. மறுநாள் காலையிலேயே போய், தன் வாழ்நாளில் முதன்முறையாக விதிப்படி ஒரு பாட்டில் எடுத்தார். மற்ற ஒன்பதும் வழக்கம்போலப் பூங்காவில்.

மேடம் உதட்டைப் பிதுக்கினார். "இந்த ஒண்ணுல மட்டும் நைட்ரேட் இருக்கலாங்கற அளவைவிட ரெண்டரை மடங்கு காட்டுது. ஒம்போது பாட்டில் ஒரே பேச்சா பேசுது, இது மட்டும் கிறுக்கா உளறுது. பாட்டிலை சரியா கழுவலையாண்ணே? தூக்கிப் போட்டுட்டு வேற எடுத்துட்டு வாங்க."

ஒன்பது பொய்கள் கூடி ஓர் உண்மையைத் தோற்கடித்துவிட்டன. தலையாட்டினால் போதும், வேலை தப்பிக்கும். ஆனால் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர்தான் ஆவியாகும், நைட்ரேட் அப்படியே தங்கி இன்னும் கெட்டிப்படும். கைக்குழந்தையின் ரத்தம் அதைத் தாங்காது, உதடு நீலம் பாரிக்கும். இதை அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே இந்த மேடம்தான்.

மேடம் முன்னாலேயே சாம்பிள் போனை எடுத்தார். "அக்கா, அந்தத் தண்ணியைக் குடுக்காதே. கேன் தண்ணி வாங்கு. புள்ளையை இப்பவே டாக்டர்கிட்ட காட்டு."

"நல்ல தண்ணின்னு ரிப்போர்ட் குடுத்தியேடா?"

"அது உன் வீட்டுத் தண்ணியே இல்லக்கா. யார் வீட்டுதும் இல்ல. எல்லாமே பூங்காவுல புடிச்சது."

மேடத்தின் பேனா நின்றது.

"எதிர்வீட்டுல ரெட்டைக் குழந்தைடா" என்றாள் அக்கா. "உன் ரிப்போர்ட்டை நம்பி நான்தான் நம்ம போர் தண்ணியைக் கொதிக்க வச்சுக் குடுக்கச் சொன்னேன். அவ மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"நீ முழிக்க வேணாம்" என்றார் சாம்பிள். "நான் வந்து சொல்றேன்."