ரோண்டா கை வைக்காத வீடு

ரோண்டா அக்காவால் சும்மா இருக்க முடியாது. காபி குடிக்க என்று ஒரு வீட்டுக்குள் நுழைவார். அவர் கிளம்பும்போது அந்த வீட்டுச் சமையலறைக் குழாய் சொட்டுவதை நிறுத்தியிருக்கும், பின்கதவு கிறீச்சிடாது. என் கல்யாணத்தன்று சர்ச் கழிவறையில் தண்ணீர் நிற்காமல் ஓடியது. அதைச் சரிசெய்துவிட்டுத்தான் விருந்துக்கே வந்தார், ஒரு கை முழுக்க நனைந்து. என் அம்மா அந்தக் கோலத்திலேயே அவரைக் கட்டிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டாள்.

ஓஹியோ ஆற்றங்கரையில் எங்களுடையது சின்ன ஊர். பாதி வீடுகள் எங்கள் தாத்தாக்களைவிட வயதானவை. குழாயோ, மரமோ, கூரையோ, எது கெட்டாலும் பிக்கட்டைக் கூப்பிடு என்பார்கள். ரோண்டா பிக்கட் என்பது முழுப் பெயர். அப்படிப்பட்டவர் ஐம்பது வயதுக்கு மேல் திடீரென்று ரிப்பேர் தொழிலை மூடினார். வேனை விற்றார். வாடிக்கைக்காரர்களை அடுத்த ஊர் பிளம்பர் ஒருவரிடம் ஒப்படைத்தார். பிறகு என் அலுவலகக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார்.

"கர்ட் தம்பி, நானும் உன்ன மாதிரி இன்ஸ்பெக்டர் ஆகப்போறேன்."

நான் வீடுகளை ஆய்வு செய்கிறவன். வீடு வாங்கப்போகிறவர்கள் என்னைக் கூப்பிடுவார்கள். கூரையில் ஏறி, நிலவறையில் இறங்கி, கண்ணில் பட்ட குறைகளை எழுதிக் கொடுப்பேன். விற்கிறவருக்கு என்னைக் கண்டால் ஆகாது, தரகருக்கு அறவே ஆகாது. ஊரே கொண்டாடும் ஒருத்தர் எதற்காக இந்தப் பிழைப்புக்கு வர வேண்டும்?

"உங்களுக்கு என்னக்கா குறைச்சல்?" என்றேன்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. போன மாசம் ஒரு நர்ஸ் பொண்ணு வீட்டுக்குப் போனேன். தரைக்குக் கீழ உத்தரமெல்லாம் உளுத்துப்போய்க் கிடக்கு, கைய வெச்சா கேக் மாதிரி பிஞ்சு வருது. இருந்ததெல்லாம் போட்டு வாங்கின வீடு தம்பி. 'அக்கா, சரி பண்ணிடுவீங்கல்ல?'ன்னு கேக்குது. என்னத்தச் சரி பண்றது? எல்லாரும் வாங்கினப்புறம்தான் என்னக் கூப்பிட்டு அழறாங்க. வாங்குறதுக்கு முன்னாடி யாராவது போய் நிக்கணும்ல?"

கடைசி வார்த்தைகளில் குரல் கம்மிவிட்டது. முன்பிருந்தே எனக்கு அவரைப் பிடிக்கும். அன்றைக்குத்தான் அவர்மேல் பெரிய மரியாதை வந்தது.

முதலில் வகுப்பு. கம்ப்யூட்டரில் பாடம் நடத்துகிறவரோடு அக்கா சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டே அதை முடித்தார். அடுத்தது எழுத்துத் தேர்வு. அதில் ஒரு கேள்வி: சிங்க்குக்கு அடியில் குழாய் சொட்டினால் ஆய்வாளர் என்ன செய்ய வேண்டும்? தகுதியுள்ள பிளம்பரை அழைக்கும்படி எழுத வேண்டும் என்பது விடை. அக்கா குறித்துவிட்டு வந்தது, குழாயை இணைக்கும் மரையை இறுக்க வேண்டும் என்று. அந்தத் தாளில் அப்படிப்பட்ட கேள்விகள் நிறைய. அத்தனைக்கும் அவர் இறுக்கியும் ஒட்டியும் அடைத்தும் பதில் சொல்லியிருக்கிறார். ஃபெயில்.

"தகுதியுள்ள பிளம்பராம்! அந்தப் பிளம்பரே நான்தானேடா!" என்று தேர்வு மையத்து வாசலில் நின்று கத்தினார். போகிறவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

இரண்டாம் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு பாஸ் செய்தார். ஆனால் அது தாளில். இனிமேல்தான் உரிமம் உள்ள ஆய்வாளர் ஒருவருடன் நிஜ வீடுகளுக்குப் போக வேண்டும், அவர் திருப்தியாகிக் கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாமல் உரிமம் கிடையாது. அந்த ஆள் நான்.

எங்கள் தொழிலில் ஒரே கண்டிப்பு, வீட்டில் கை வைக்கக் கூடாது. குழாயைத் திறந்து பார்க்கலாம், விளக்கைப் போட்டுப் பார்க்கலாம். குடியிருக்கிறவர் அன்றாடம் தொடுவதை நாமும் தொடலாம். அதற்கு மேல் ஒரு திருகாணியைக்கூடத் திருப்பக் கூடாது. திருப்பினால் குறை மறைந்துவிடும். வாங்குகிறவருக்கு அது தெரியாமலே போகும். ஆய்வு செய்த வீட்டில் பிறகு ரிப்பேர் வேலை எடுப்பதும் இதே கணக்கில்தான் சேரும். இதை நான் அக்காவிடம் முதல் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். உள்ளே நுழைந்து நான் திரும்புவதற்குள் கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டிருந்தார்.

"எண்ணெயை எதுக்குக்கா கொண்டாந்தீங்க?"

"பையில கிடந்துச்சு தம்பி."

இன்னொரு வீட்டில் ஆடிக்கொண்டிருந்த கழிவறைப் பீங்கானை இறுக்கிவிட்டார். கேட்டால், "அது என்னைப் பாத்து ஆடுது, நான் என்ன பண்றது?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. அதற்கடுத்த வீட்டில் சிரிப்பு போய்விட்டது. சிங்க்குக்கு அடியில் இருந்த பழைய மரையை லேசாக இறுக்கியிருக்கிறார், அது இரண்டாகப் பிளந்துவிட்டது. சமையலறை முழுக்கத் தண்ணீர். வீட்டுக்காரி என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

வண்டியில் ஏறியதும் வெடித்தேன். "அக்கா, நீங்க எனக்கு மூத்தவங்க. ஆனா சொல்லிடறேன். நாளைக்குப் போறதுதான் கடைசி வீடு. அங்க ஒரு ஆணியத் தொட்டாலும் நான் கையெழுத்துப் போடமாட்டேன். சத்தியமா."

"வேனையும் வித்துட்டேன் தம்பி," என்றார் அக்கா. ஆனாலும் நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

மறுநாள் வீடு ஆல்வின் டூலி என்ற பெரியவருடையது. மனைவி இறந்துவிட்டாள், பிள்ளைகள் வற்புறுத்தி வீட்டை விற்க வைக்கிறார்கள். அந்தக் கடுப்பையெல்லாம் எங்கள்மேல் காட்டினார். டிவியில் பேஸ்பால் ஓடிக்கொண்டிருந்தது, சாய்வு நாற்காலியில் கிடந்தார், வாயில் பற்றவைக்காத சுருட்டு.

"வந்துட்டானுங்க, குறை கண்டுபிடிக்க," என்றார் டிவியைப் பார்த்துக்கொண்டே. "சீக்கிரம் எழுதிட்டுக் கிளம்புங்க."

நான் ஏணியைப் போட்டுக் கூரையைப் பார்க்கப் போனேன். அக்கா நிலவறைக்கு இறங்கினார். நான் இறங்கி உள்ளே வருவதும் அவர் படியேறி வருவதும் ஒன்றாக நடந்தது. அவர் முகம் வெளுத்திருந்தது.

"தம்பி, கேஸு. வாட்டர் ஹீட்டர் பக்கத்துல குழாய் இணைப்பு சீறுது. எந்த சுவிட்சையும் தொடாத. எல்லாரும் வெளிய."

கீழே அவர் எதையும் தொடவில்லை என்பது எனக்கு அப்போதே புரிந்தது. தொட்டிருந்தால் இவ்வளவு சீக்கிரம் மேலே வந்திருக்க மாட்டார்.

"டூலி சார், எந்திரிங்க. கேஸ் கசியுது, உடனே வெளிய போகணும்," என்றேன்.

"எனக்கு ஒண்ணும் நாறல."

"சார், விதிப்படி நாங்க உங்ககிட்ட..."

"விதிய நீயே வெச்சுக்க. இது என் வீடு. ஆட்டம் முடியாம நான் எந்திரிக்க மாட்டேன்." சொல்லிவிட்டு, எங்களைச் சீண்டுவதற்கென்றே, சட்டைப் பையிலிருந்து லைட்டரை எடுத்தார்.

உள்ளதைச் சொன்னால், நான் இன்னும் விதியைத்தான் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். அக்கா இரண்டே எட்டில் போய் லைட்டரைப் பிடுங்கினார், பெரியவரின் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார், வாசலைத் தாண்டி நடந்தார். டூலி தலைகீழாகத் தொங்கியபடி டிவி ரிமோட்டால் அவர் முதுகில் திரும்பத் திரும்ப அடித்தார்.

"ஏய், இறக்கி விடுடீ! நான் என்ன விக்கிறதுக்கு வெச்ச சாமானா?"

தெருவைக் கடந்து எதிர்வீட்டுப் புல்வெளியில்தான் அக்கா அவரை இறக்கினார். நான் அங்கிருந்து கேஸ் கம்பெனிக்குப் போன் செய்தேன். அவர்களுடைய ஆள் வந்து தெருவிலேயே இணைப்பை அடைத்துவிட்டு, கருவியோடு உள்ளே போனான். திரும்பி வந்தபோது நெற்றியெல்லாம் வியர்வை.

"ஹீட்டர்கிட்ட கசியறது சின்னது," என்றான். "பெருசு சுவத்துக்குள்ள இருக்கு. பழைய குழாய் அரிச்சுப்போச்சு. வெளிய தெரியறத மட்டும் அடைச்சிருந்தா யாருக்கும் இது தெரிஞ்சிருக்காது."

அக்கா அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். "தம்பி," என்றார், "ஒரே ஒரு திருப்பு. அவ்வளவுதான் வேணும். எனக்குக் கை அப்படித் துடிச்சுது. திருப்பியிருந்தா சத்தம் நின்னிருக்கும். நானும் பெருமையா மேல வந்திருப்பேன். இவரும் சுருட்டப் பத்த வெச்சிருப்பார்." அழுதார். இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கும் கண் கலங்கியது, மறைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "அவரத் தூக்கிட்டேனே. அதுவும் கை வெச்ச கணக்குதானா?"

"வீட்டைத்தான் தொடக்கூடாதுன்னு சொன்னேன்கா. வீட்டுக்காரரத் தொடக்கூடாதுன்னு சொல்லலையே."

டூலி அதுவரை கேஸ்காரனையும் தன் வீட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல அக்காவின் பக்கத்தில் வந்து நின்றார். குரல் இறங்கிப்போயிருந்தது.

"ஏம்மா, நீ பிக்கட்தானே? என் பொண்டாட்டி உயிரோட இருந்தப்ப நீதானே வந்து எல்லாம் செய்வே. இதையும் நீயே சரி பண்ணிக் குடுத்துடேன். வேற யாரையும் எனக்குத் தெரியாது."

நான் அக்காவைப் பார்த்தேன். ஊரில் யார் கேட்டும் மறுத்துப் பழக்கமில்லாதவர். அந்தக் கிழவரோ குழந்தை மாதிரி கேட்டுக்கொண்டு நிற்கிறார். அக்கா எழுந்து அவர் தோளில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டார்.

"முடியாதுங்க," என்றார். "நான் இந்த வீட்டோட இன்ஸ்பெக்டர்."

நான் வண்டியிலிருந்து அக்காவின் உரிமத்துக்கான தாளை எடுத்து வந்து, பானெட்மேல் வைத்து, அவர் கண்ணெதிரிலேயே கையெழுத்துப் போட்டேன்.