அமாவாசை மெஷினில் என் இடம்

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு ஜெர்மன் அம்மையார் கதவைத் தட்டி, ஆப்பிள் கேக் ஒன்றைக் கையில் கொடுத்து, "யார் இறந்தது?" என்று மெல்லக் கேட்டார். வாராவாரம் நான் தனியாக ஓலமிடுவது சுவரைத் தாண்டிக் கேட்டிருக்கிறது. போதாததற்குக் கறுப்பு உடை. "யாருமில்லை, இது ப்ரோபே" என்றேன். ஒத்திகை என்று அர்த்தம். "சாவுக்கா?" என்றவர் கண்கலங்கி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

சென்னையில் அதே கறுப்புக்கு வேறு மரியாதை. பட்டினப்பாக்கத்தில் எங்கள் பிளாக் மொட்டைமாடியில்தான் 'அமாவாசை மெஷின்' பேண்டைத் தொடங்கினோம். கம்ப்யூட்டர் தாளத்தின்மேல் பேயையும் சாவையும் பாடும் எலக்ட்ரானிக் கோத் இசை. தாளம் கீழ்வீட்டு டில்லி. கீபோர்டு மயிலாப்பூர் சீனு. பாட்டெழுதிப் பாடுவது நான். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். பேண்டிலும் முதல் பெயர் என்னுடையதுதான் என்று சொல்லிவிட்டேன். மீன் விற்றுவிட்டு வந்த அம்மா, "படிக்க வெச்சா எழவுப் பாட்டா பாடினு கீற? கல்யாண வூட்ல பாடுனா சோறாவது போடுவாங்கடி" என்றாள்.

ரங்கநாதன் தெருவில் மூவருக்கும் கறுப்புச் சட்டை எடுத்தோம். முதல் கச்சேரி அடையாறில் ஒரு காபிக் கடையில். மாதமோ கார்த்திகை, ஊரில் அந்த மாதம் கறுப்புச் சட்டை என்றால் சபரிமலைதான். ஆட்டோக்காரர் பையன்கள் இருவரையும் பார்த்து, "ஏறு சாமி, இன்னிக்கு எங்க பஜனை?" என்றார். கடைக்காரர் காசு வாங்காமல் இளநீர் வெட்டிக் கொடுத்தார். இந்த மரியாதை டில்லிக்குப் பிடித்துப்போனது. அடுத்த கார்த்திகையில் நிஜமாகவே மாலை போட்டுவிட்டான். "மால போட்டுக்கினு பேய்ப் பாட்டு அடிக்க முடியாது சாமி" என்று என்னிடமே சொன்னான். "பேய எடுத்துட்டுப் புலின்னு வெச்சுண்டா என்ன?" என்றான் சீனு. நான் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. டில்லி மலைக்குப் போய்த் திரும்புவதற்குள் சீனு வேலை கிடைத்துப் பெங்களூர் போய்விட்டான். பிறகு படிப்புக்காக நான் இங்கே வந்தேன்.

ஒருநாள் டில்லி போனில், "கீபோர்டுக்கு ராஜா அண்ணாமலைபுரத்துப் பொண்ணு ஒண்ணு சேந்துகிச்சு. பாடறதுக்கும் ஆள் பாக்கணும்" என்றான்.

"நான் இருக்கேன்ல?"

"நீ எங்க கீற? ஜெர்மன்ல கீற. பாட்டு இங்க கீது."

போனிலேயே பாடுகிறேன் என்று பிடிவாதம் பிடித்தேன். என் குரல் அங்கே போய்ச் சேர்வதற்குள் வரி முடிந்திருந்தது. "பஸ்சு போனப்புறம் கை காட்டுற மச்சி" என்று சிரித்தான். அந்தப் பெண் யாரும் கேட்காமலே என் வரிகளைப் பாடத் தொடங்கினாள். நன்றாகவே பாடினாள்.

இப்போது ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். டில்லியின் தாளம் என் காதில் விழுவதற்கு முன்பே முந்திக்கொண்டு பாடிவிடுகிறேன். இந்த அறையில் அது அபத்தமான தப்புத் தாளம். என் காதே கூசுகிறது. பட்டினப்பாக்கம் மொட்டைமாடியில் மட்டும் சரியான இடத்தில் போய் விழுகிறதாம். "கரீட்டா கீது, அப்பிடியே வா" என்கிறான் டில்லி. அவன் சொன்னது இங்கே வந்து சேரும்போது நான் அடுத்த வரியில் இருக்கிறேன்.