இழுபட்ட காலடி

மீன் வாடியில் வாங்கிய ஐஸ் கட்டிக்கு ஒரு “வெடுக்கு” வாடை உண்டு. அதைப் பழைய சாரத்துண்டில் சுற்றி அம்மா என் இடது கணுக்காலில் வைத்தபோது, குளிர் எலும்புவரை இறங்க, பாரைமீன் நாற்றம் மூக்கில் ஏறியது. கொடியில் காய்ந்த என் பள்ளிச் சட்டையைச் சப்பிய கழுதையைத் துரத்திப்போய், நண்டு வளையில் கால் பிரண்டு விழுந்திருந்தேன். வெட்கக்கேடு, கழுதை நின்று வேடிக்கை பார்த்தது.

“எலும்பு முறியேல்லை, மூட்டைப் பிடிச்சிருக்கிற சவ்வுதான் இழுபட்டிருக்கு. எண்ணெய் போட்டு உருவாதேங்கோ. ஊண்டாமல் உயர்த்தி வைச்சிருந்தால் வீக்கம் வத்தும், பிறகு மெல்ல மெல்ல நடக்கப் பழக்குங்கோ” என்றார் டொக்டர். சொன்னபடியே செய்தோம். ஆனாலும் படுக்கும்போது வற்றியிருந்த வீக்கம் ஒவ்வொரு விடியலிலும் புதிதாக எழும்பி நின்றது.

அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாமல் அப்போது ஒரு வருடம். படகும் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. செத்தவர்களுக்கான ஆத்துமப் பூசை ஒப்புக்கொடுக்கச் சொன்னவர்களை அம்மா வேலிப் படலையோடு திருப்பி அனுப்பினார். நான் விழுந்த மறுநாள் காலை என்னைத் தூக்கிக்கொண்டுபோய் முற்றத்தைக் காட்டினார். பொழுதுபட முதல் அவர் கூட்டி விட்ட மணலில், படலைக்கும் வாசலுக்கும் நடுவே காலடிகள். வலது கால் அழுந்தியிருக்க, இடது கால் இழுபட்டிருந்தது. அப்பாவின் நடை அப்படித்தான். இளவயதில் பிரண்ட கால் ஆறுமுன் தொழிலுக்குப் போய், அது கோணலாகவே ஆறிவிட்டது.

“கொப்பர் வந்து பாத்திட்டுப் போறார்” என்றார் அம்மா. அன்றிலிருந்து தினமும் காலையில் படியில் அப்பாவின் கோப்பையில் தேத்தண்ணீர் வைத்தார்.

ஒருநாள் காலில் சுற்றியிருந்த பண்டேஜைக் கழற்றியபோது உள்ளிருந்து ஈரமணல் கொட்டியது. ஐயோ! சின்னனில் நித்திரையில் எழும்பி நடக்கிற பிள்ளை நான். அன்று படுக்கும்போது காலைக் கட்டிலோடு கட்டினேன். விடிந்தபோது முற்றத்தில் ஒரு கீறல்கூட இல்லை. தேத்தண்ணீர் ஆறும்வரை அம்மா படியிலேயே நின்றார்.

“ஏன் வரேல்லை?”

அன்று முழுக்க அவர் சமைக்கவில்லை, பேசவுமில்லை. என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அடுத்த விடியலில், அம்மா எழும்ப முதல், சட்டை நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, முழு விழிப்போடு முற்றத்தில் நடந்தேன். அதற்கடுத்த நாளும், அந்த மாதம் முழுவதும் நடந்தேன். என் காலும் கோணலாக ஆறியது.

போன வருடம் அம்மா படுக்கையில் கிடந்தபோதுதான் உண்மையைச் சொன்னேன். அவர் என் கணுக்காலைத் தடவினார்.

“உன்ர கால் கோணினாப் பிறகுதான் அது நீ எண்டு விளங்கினது, பிள்ளை. ஆனால் நீ விழுறதுக்கு முதல் நாளும் அதே இழுபட்ட அடி கிடந்தது. அது ஆர்?”

இப்போது கழுதைகளும் குறைந்துவிட்டன. முற்றம் முழுக்கச் சீமெந்து. யார் வந்துபோனாலும் அதில் தடம் விழாது. அம்மாவின் அடக்கத்தன்று, பூசையில் அப்பாவின் பெயரையும் சேர்க்கவா என்று பங்குச் சுவாமி கேட்டார்.

“வேண்டாம் சுவாமி” என்றேன். “கொஞ்சம் பொறுங்கோ.”